வயர் தெரியாமல்

கிளைட் நார்த்தில் நாற்பத்தொரு டிகிரி.
கராஜ் கதவைப் பாதி இறக்கிவிட்டு
கால்கள் சீட்டின்மேல்,
தலை பிரேக் பெடலுக்குக் கீழே,
வாயில் டார்ச்.
இப்படித்தான் தொடங்கியது என் விடுமுறை.

ஏழு மாதமாக அந்தச் சுருள் வயர்
லைட்டர் ஓட்டையிலிருந்து கிளம்பி
கியரைச் சுற்றி, ரேடியோவை மறைத்து
கண்ணாடியில் ஒட்டிய ஜிபிஎஸ் பெட்டிக்கு ஏறும்.
மூன்றாவது கியர் போடும்போதெல்லாம்
இடது முழங்கை பட்டு, பிளக் கழன்று,
லியாங்காத்தா மலைவளைவில்
படம் கறுத்துவிடும்.
பின்சீட்டு ஐஸ்பெட்டியில்
யார் யாருடையதோ ரத்தம்
ஆய்வுக்கூடத்துக்குக் காத்திருக்க
நான் ஒரு கையால் ஓட்டையைத் தேடுவேன்.
போன் இருக்கிறதே என்பார்கள்.
அந்த மலைகளில்
சிக்னல் மாடுகளுக்கே போதவில்லை.

இளங்கீரன் குனிந்து எட்டிப் பார்த்தான்.
"குத்தினா வேலை செய்யுதுதானே?"
"செய்யுது."
"பிறகென்ன?"
சேலைக்கு ஃபால்ஸ் தைப்பவளிடம்
நூல் வெளியே தெரிந்தால் என்ன என்று
கேட்பதுபோல் கேட்டான்.

மீட்டரின் கறுப்பு ஊசி ஒரு போல்ட்டில்.
சிவப்பு ஊசி ஒவ்வொரு ஃபியூஸாக.
சாவி இருந்தாலும் எடுத்தாலும்
பன்னிரண்டு காட்டுவது வேண்டாம்.
அது தூங்காத சாதி,
திங்கள் காலைக்குள் பேட்டரியைத் தின்றிருக்கும்.
சாவியோடு விழித்துச் சாவியோடு உறங்கும் ஒன்று வேண்டும்.
பதினாலாவது. பின் வைப்பருடையது.
திருப்பினால் பன்னிரண்டு புள்ளி மூன்று.
எடுத்தால் பூஜ்யம்.
"நீதான்" என்றேன்.
டார்ச் வாயிலிருந்து நெற்றியில் விழுந்தது.

எர்த்துக்கு, பெயிண்டைச் சுரண்டினேன்
இரும்பு பளிச்சிடும்வரை.
நான்கு ரப்பரின்மேல் நிற்கும் ஒன்றுக்கு
மண் என்பது அதன் சொந்த உடம்புதான்.

குண்டு பிளக்கை ரம்பத்தால் அறுத்தேன்.
உள்ளே நாலு புளியங்கொட்டை அளவில்
ஒரு பச்சைத் தகடு:
பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாக்கும் சாமர்த்தியம்
முழுவதும் அதில்.
குலுங்காமலிருக்கத் துணி டேப் சுற்றி
டாஷ்போர்டின் வயிற்றுக்குள் கட்டினேன்.

தூணின் உறையைக் கழற்றுகையில்
ஒரு கிளிப் ஒடிந்தது.
யாருக்கும் சொல்லவில்லை.
உள்ளே மடித்து வைத்த ஏர்பேக்.
அதன் முன்னால் வயர் போகக் கூடாது;
அது விரியும் நாளில் குறுக்கே எதுவும் இருக்கலாகாது.
ஹேங்கர் கம்பியை நிமிர்த்தி
பின்பக்கமாக அனுப்பினேன்.
மூன்று முறை எங்கோ போய் முட்டியது.
பாலர் வகுப்பிலிருந்து
இளங்கீரனின் அம்மாவரை எல்லோரையும் திட்டி முடித்தபோது
கண்ணாடி ஓரத்தில்
சிவப்பு நுனி எட்டிப் பார்த்தது.

ஐந்தரை மணிக்குச் சாவியைத் திருப்பினேன்.
விழித்தது.
இளங்கீரன் பெட்டிக்கடியில் விரல் விட்டுத் துழாவினான்,
டாஷ்போர்டைத் தட்டினான்,
மிதியடியைத் தூக்கினான்.
"வயர் எங்கே?"
எனக்கு அது போதும்.

பிறகு படம் வந்தது.
பெட்டி பழசு, படமும் பழசு.
எங்கள் தெரு இல்லை.
எதிர்வீட்டு டாரனின் டிரெய்லர் இல்லை,
புதுப் பள்ளி இல்லை, வாத்துக் குளம் இல்லை.
வெறும் பச்சை.
அதன் நடுவில் ஒரு சின்ன நீலக் கார்
யாருடையதோ மேய்ச்சல் நிலத்தில் நின்றிருந்தது.
அருகிலுள்ள சாலைக்குச் செல்லுமாறு
பெட்டிக்குள்ளிருந்தவள்
இங்கிலீஷில் மிகவும் பணிவாகச் சொன்னாள்.

முப்பது வருடக் கடனில் வாங்கிய காங்கிரீட்டில்
உட்கார்ந்து சிரித்தோம்.
அவள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.
லியாங்காத்தா ரோடு மாறவில்லை,
நாளைக்கு அது போதும்.

சட்டைப்பையில் ஒடிந்த கிளிப்.
சாவியை எடுத்தேன்.
பூஜ்யம்.