தொள்ளாயிரம் பவுண்டு

அறுபத்திரண்டு கதவுகளில்
ஐம்பத்தொன்பதைச் சாத்தியாயிற்று.
மீதி மூன்றின் வழியே
யங்ஸ்டவுனின் பிப்ரவரி உள்ளே வந்து போகிறது.
ஏலக்காரர்கள் ஃபோர்க்லிஃப்ட்டுகளின் நெற்றியில்
எண் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.
தலைமையகத்திலிருந்து வந்த பையன்,
மெல்லிய கோட்டு, மெல்லிய கணினி,
"எங்கே தவறியது, மிஸ் ஹாஸ்டெட்லர்?" என்கிறான்.

உட்கார். அந்தப் பலகை தாங்கும்.

உங்கள் ஆட்கள் வந்த அன்று கேக் வெட்டினார்கள்.
எங்கள் பச்சை லாரிகளுக்கு
கெஸ்ட்ரல் பார்சலின் ஆரஞ்சைப் பூசினார்கள்.
பெயிண்ட் காயுமுன்
ஓட்டுநர்களின் மணிக்கட்டில் கடிகாரம் கட்டினார்கள்.
ஒரு நிறுத்தத்துக்கு நான்கு நிமிடம்.

பார்சல் என்பது
ஓர் ஆளின் இடுப்பு தாங்குவது.
தட்டு, வை, திரும்பு, ஓடு.
அதில் உங்களை அடிக்க ஆளில்லை, ஒத்துக்கொள்கிறேன்.
சரக்கு ஓடாது, தம்பி.
சரக்கு காத்துக் கிடக்கும்.
லிமாவில் கிடங்குக்காரன்
சாண்ட்விச்சின் கடைசி வாயை மெல்லும்வரை,
சாவி வைத்திருப்பவன்
மகளைப் பள்ளியில் விட்டு வரும்வரை.
அந்த இரண்டு மணி நேரத்துக்கும் ஒரு விலை உண்டு.
உங்கள் திரையில் அதற்குக் கட்டமே இல்லை.

பதினெட்டு வருஷம் இரவு ஷிஃப்ட்டில்
சரக்குக்கு விலை போட்டவள் நான்.
இறகுத் தலையணை ஏற்றினால்
லாரி நிறையும், தராசு நிறையாது.
நடந்துபோய்ப் பார்ப்பேன், பிறகுதான் எழுதுவேன்.
நீங்கள் எங்களைக் கொசுறாகக் கொடுத்தீர்கள்:
பார்சலை எங்களுக்குத் தாருங்கள்,
சரக்கைப் பாதி விலைக்கு ஏற்றுகிறோம்.
பாதி விலையை வாங்கிக்கொண்டார்கள்.
பார்சலைப் பழைய ஆளிடமே கொடுத்தார்கள்.
ஏற்ற ஏற்ற நஷ்டம்.

இதெல்லாம் உன் அட்டவணையில் ஏற்கெனவே இருக்கும்.
இல்லாத ஒன்றைச் சொல்கிறேன், எழுதிக்கொள்.

நவம்பரில் வெர்மான்டிலிருந்து ஒரு கல் வந்தது.
கருங்கல். மெருகேற்றியது. தொள்ளாயிரம் பவுண்டு.
ஊர்ஹோ கர்வோனன், கீழே இரண்டு தேதிகள்.
உங்கள் சீட்டில் மயானத்துக்கு இடமில்லாததால்
பணம் கட்டியவரின் வீடு அச்சானது:
ஹில்யா கர்வோனன், ஆஷ்டபூலா.
கூடவே வழக்கமான அந்த வரி,
ஆள் இல்லையென்றால் வாசலில் வைக்கவும்.

பழைய ஓட்டுநர்கள் அதற்குள்
எரியிலிருந்த கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.
புதுப் பையன் லாமார்
கல்லைத் தெருவோரப் புல்லில் இறக்கினான்,
படம் எடுத்தான்,
மூன்று நிமிடம் ஐம்பது நொடி.
திரை பச்சையாயிற்று: சேர்ப்பிக்கப்பட்டது.

தினமும் காலை ஆறரைக்கு அந்த அம்மாள் கூப்பிடுவாள்.
கோபமே இல்லாத குரல்.
"அவர் இன்னும் வெளியில்தான் இருக்கிறார்."
இன்னொரு லாரி கேட்பேன்.
சேர்ப்பித்ததை மறுபடி சேர்ப்பிக்க முடியாது என்று
கணினி திருப்பி அனுப்பும்.
பனி விழுந்தது.
துடைப்பத்தால் தள்ளிவிட்டேன் என்றாள்.
மறுநாள், கம்பளி போர்த்தினேன் என்றாள்.
குப்பை வண்டிக்காரர்கள்
சுற்றிப் போகிறார்களாம், நல்லவர்கள்.

பதினாறாம் நாள், ஞாயிறு.
ஓடிஸ் ப்ராட்னாக்ஸ் யாரையும் கேட்காமல்
அந்தப் பதினேழாம் எண்ணை,
அப்போது அதற்கு எண் இல்லை,
டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஆஷ்டபூலா போனான்.
மயானத்துச் சாவிக்காரர் தேவாலயத்தில்.
ஓடிஸ் காத்திருந்தான்.
ஹில்யா காப்பி கொண்டுவந்தாள்,
லாரிக்குள் ஏறி உட்கார்ந்தாள்,
இருவரும் அதிகம் பேசவில்லையாம்.
கடிகாரம் பதிந்த நிறுத்த நேரம்:
ஐந்து மணி நாற்பது நிமிடம்.
செவ்வாய்க்கிழமை அவனை அனுப்பிவிட்டீர்கள்.

பையன் தட்டச்சை நிறுத்துகிறான்.
"இதை எந்தத் தலைப்பில் போடுவது?"
எனக்குத் தெரியாது.
அங்கே ஏலக்காரன் பதினேழைக் கிளப்பிப் பார்க்கிறான்.
முதல் தடவை இருமுகிறது.
இரண்டாம் தடவை பிடித்துக்கொள்கிறது.
சக்கர இடுக்கிலிருந்து உறைந்த மண்கட்டி ஒன்று
தரையில் விழுகிறது.
அவன் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு
கண்டிஷன்: நன்று என்று எழுதுகிறான்.