இன்னும் நூறு தரம்

சிவப்பு வெளிச்சம் மினுங்கத் தொடங்கினால்
இன்னும் நூறு தரம் திறக்கலாம் என்று
பூட்டோடு வந்த புத்தகத்தில் இருந்தது,
ஜெர்மன் பாஷையில்.
சூரிச்சிலிருந்து அண்ணன்தான்
போனில் வாசித்துச் சொன்னார்.
"நூறு தரமெண்டா ஒரு மாசம் ஓடும்" என்றார் வரோதயன்.
நானும் ஓம் என்றேன்.

தானாகவே பூட்டிக்கொள்ளும் கதவு.
வெளியே போகச் செலவில்லை,
உள்ளே வரத்தான் நம்பர்.
மீன்காரரின் ஹோர்னுக்கு ஓடிப்போய்
சட்டிக்குத் திரும்பியது ஒன்று,
மிச்சக் காசுக்கு ஒன்று.
மகள் தண்ணீர்ப் போத்தலை மறந்து,
கொப்பியை மறந்து,
மறந்தது எது என்பதையும் மறந்து
வந்துபோனது மூன்று.
கொடியில் உடுப்பு. மழை. மறுகா வெயில். மறுகா மழை.
பூனைக்கு எத்தனை என்று
பூனைக்கே தெரியாது.

களுவாஞ்சிக்குடிக் கலியாணத்துக்கு
ஓட்டோ வந்து வாசலில் நிற்க,
"பூட்டுப்பட்டதோ தெரியாது" என்று
இறங்கிப் போனார்.
நாலு நம்பரும் அழுத்தித் திறந்து பார்த்தார்.
பூட்டுப்பட்டுத்தான் இருந்தது.

அதுதான் நூறாவது.

இரவு பத்தே முக்கால்.
கார்த்திகை மழை, கரண்டும் இல்லை,
கல்லடி முழுக்கக் கறுப்பு.
அழுத்தினேன். அழுத்தினார்.
சிவப்புக்கூட மினுங்கவில்லை.
இரும்புச் சாவி ஒன்றும் தந்திருந்தார்கள்.
அது குசினி ஆணியில்,
சிவப்பு றிபன் கட்டி,
பத்திரமாக.
யன்னலுக்குள்ளால் ரோச் அடித்தால் தெரியும்.
அடித்தேன். தெரிந்தது.

சூரிச்சில் அப்போது பின்னேரம்.
அண்ணன் டிராமுக்குள் நின்றபடி சொன்னார்:
"பூட்டுக்கு அடியில ரெண்டு பித்தளைப் பொட்டு இருக்கும்.
ஒன்பது வோல்ட் சதுரப் பற்றறி ஒண்டை அதில முட்டுங்கோ."
இந்த நேரத்தில், இந்த மழையில்,
எந்தக் கடையில் சதுரப் பற்றறி?

எதிர் ஒழுங்கையில் அருள்நேசன் மாஸ்டர்.
ஏ லெவல் கெமிஸ்ட்ரி,
முந்நூறு பிள்ளைகள், கழுத்தில் மைக்.
குடையோடு வந்தார்.
மைக்கின் வயிற்றைத் திறந்து பற்றறியை எடுத்து
நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.
"இருக்கு" என்றார்.
"ஆனா விடிய ஆறுக்கு கிளாஸ், கையோட தந்திரணும்."

வரோதயன் குனிந்து பற்றறியை முட்டிப் பிடிக்க
மாஸ்டர் குடை பிடிக்க
மகள் ரோச் பிடிக்க
நான் நம்பருக்குக் கை வைத்தேன்.
மாஸ்டர் நாகரிகமாக
முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.
எண்கள் நீலமாய் எழும்பின,
காய்ச்சல் விட்ட பிள்ளை கண் திறந்த மாதிரி.
"செத்தாலும் நம்பரை மறவாது, அது வேற இடத்தில கிடக்கும்"
என்றார் மாஸ்டர், வேலியைப் பார்த்தபடி.
என் விரல்தான் மறந்தது.
இரண்டாம் தரம் சரிவந்தது.

பெட்டியைக் கழற்றினால்
நாலு பற்றறியின் முனையிலும் வெள்ளைப் பூ.
கதவில் எண்ணெய் பூசினேன், கீலுக்குக் கிறீஸ் வைத்தேன்.
கடல் இதற்குள்ளும் வந்து போயிருக்கிறது.

மணிக்கூட்டில் ஒன்று,
டிவி ரிமோட்டில் இரண்டு.
பொம்மை நாயின் வயிற்றில் இருந்தது மெலிந்த வகை.
மூன்று கிடைத்தது.
பூட்டு கேட்பது நாலு.

மாஸ்டர் தன் ஒன்பது வோல்ட்டை
சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.
இனிக் கதவைச் சாத்தினால்
விடியச் செருப்பெடுக்கப் போனாலும் வெளியேதான்;
இரும்புச் சாவியை நம்பலாம் என்றேன்,
அந்தத் துவாரத்திலும் உப்பு, பாதிதான் போனது.
பூட்டின் நாக்கை மடக்கி டேப் ஒட்டினோம்.
கதவுக்கு முண்டாய்ச் சாப்பாட்டுக் கதிரை,
கதிரைக்கு மேல் அரிசி மூட்டை.

மணிக்கூடு பதினொன்று இருபதில் நின்றிருந்தது.
கதிரை நிற்கிறதா என்று
அவர் எழும்பிப் போய்ப் பார்த்தார்.
வந்து படுத்தார்.
திரும்பவும் போனார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு
எண்ணிக்கொண்டிருந்தேன்.