பலகைக்கு ஆறு, பெயருக்கு ஒன்று

முன்பு அது இறைச்சிக்கடை.
வெள்ளை ஓடு பதித்த சுவர் அப்படியே இருக்கிறது,
கொக்கிகளும்.
பன்றித் தொடை தொங்கிய இடத்தில் இப்போது
சுரங்கக்காரரின் பித்தளை வில்லைகள்,
எட்டாம் இலக்க ட்ராமின் நெற்றிப் பலகை,
பந்தயத்தில் வென்ற ஒரு புறாவின் படம்.
புறாவுக்குப் பெயர் எழுதியிருக்கிறது,
அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு இல்லை.

ரயிலில் 'வன்ன' என்று அறிவித்தார்கள்,
வன்னி என்று காதில் விழ இறங்கிவிட்டேன்
என்று நான் சொல்வது பகிடி.
முகாமில் தந்த கடதாசியில் இருந்த ஊர் இது.
ரயில் பாலத்துக்குக் கீழே
ரோஸ்விதா கச்மாரெக்கின் கடை.

அவளிடம் விலைக்கு ஒரு சட்டம் உண்டு.
உள்ளூர்க்காரருக்குப் பென்சிலால் எழுதிய விலை.
மியூனிக்கிலிருந்து காரில் வருகிறவருக்கு
அதை அழித்துவிட்டு எழுதிய விலை.
ஆயிரத்து நூற்று நாற்பத்தேழாம் வில்லைக்கு
விலையே இல்லை.
குழிக்குள் இறங்கும்போது எடுத்துப்போவார்கள்,
ஏறியதும் திரும்ப மாட்டுவார்கள்.
கொக்கி வெறுமையாக இருந்தால்
ஆள் இன்னும் மண்ணுக்குள் என்று கணக்கு.
இந்த ஒன்றை மட்டும்
வேறு யாரோ கொண்டுவந்து மாட்டினார்களாம்.
அதற்கு மேல் அவள் சொல்ல மாட்டாள்.

கலைந்துபோன பாட்டுச் சங்கத்தின் கொடியும் விற்பனைக்கு இல்லை.
ஊரில் சாவு விழுந்தால் இரவல் போகும்,
மழையில் நனைந்து திரும்பி வரும்.
திங்கட்கிழமை பெட்டிகள் வரும்.
செத்தவரின் பிள்ளைகள்
காரின் எஞ்சினை நிறுத்தாமலே இறக்கி வைப்பார்கள்.
நெவ்சாத் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
படங்களின் முதுகில் பெயர் எழுதுவார்:
"இரண்டாம் வரிசை, இடமிருந்து மூன்று, எகோன்,
கைமாற்றைத் திருப்பித் தராதவன்."
அது ஐம்பத்தெட்டாம் ஆண்டா ஐம்பத்தொன்பதா என்று
நாலு பேர் கோப்பியோடு
மத்தியானம் வரை சண்டை பிடிப்பார்கள்.
ஒருவரும் ஒன்றும் வாங்குவதில்லை.
வாடகை எப்படிக் கட்டுகிறாய் என்று கேட்டேன்.
"மியூனிக்," என்றாள்.

ஊறுகாய்த் தொழிற்சாலை மூடிய வருடம்
நானும் ஒரு சாமானோடு போனேன்.
வெள்ளரிக்காய் தரம் பிரிக்கும் பலகை, நாலு ஓட்டை.
எந்த ஓட்டைக்குள் போகிறதோ அந்தப் போத்தல்.
பத்தொன்பது வருடம் வினாகிரி மணத்த கைகள்
கடைசியில் ஓட்டையைப் பாராமலே பிரித்தன.
வீட்டுக்குக் கொண்டுவந்து வடைக்கு அளவு பார்த்தேன்,
சரிவரவில்லை.

"பெயர்?" என்றாள்.
அங்கே என்னைச் சாரா என்பார்கள்.
சற்குணவதி என்றேன்.
எழுத்து எழுத்தாக நான் சொல்ல அவள் எழுத,
சீட்டு போதாமல்
இரண்டாவது சீட்டும் ஒட்டினாள்.
விலை ஆறு யூரோ.
ஆறா?
கோபம் வந்தது. எதற்கென்று
வீடு வந்து சேரும்வரை தெரியவில்லை.

பாண் வாங்கப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன்.
விற்றிருக்கக் கூடாது.
சீ, இன்னும் விற்கவில்லையா?
பனி கரைந்த ஒரு நாள்
அந்த இடத்தில் பீர் குவளை நின்றது.

வாங்கியவன் உவே, எங்கள் மேற்பார்வையாளன்.
ஒரு நிமிடம் பிந்தினாலும் விசில் ஊதுகிறவன்.
"அந்தப் பாராமல் பிரிக்கிறவளுடையதா?" என்று கேட்டானாம்.
சீட்டை உரிக்கப் போனவளிடம்
வேண்டாம், இருக்கட்டும் என்றானாம்.
"அப்படியென்றால் பலகைக்கு ஆறு, பெயருக்கு ஒன்று" என்று
ஏழு வாங்கியிருக்கிறாள்.
தன் பங்கு இரண்டை எடுத்துக்கொண்டு
ஐந்தை என் கையில் வைத்தாள்.

உவேயும் ஒரு பெட்டி விட்டுப் போயிருந்தான்.
கிளறினேன். அடியில் அந்த விசில்.
மூன்று யூரோ, பென்சிலில்.
அவள் அழிக்கப் போகவில்லை.
நானும் பேரம் பேசவில்லை.

இப்போது அது அடுப்புக்கு மேலே ஆணியில்.
பருப்புக்குக் குக்கர் மூன்று தரம் ஊதும்.
அது பக்கத்தில் தொங்கிக்கொண்டு
சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்.