மூன்று நொடி இடைவேளை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
கொலைகாரன் கவிதை பேசினால்
எனக்கு அந்தப் படம் பிடிக்காது.
கொட்டும் மழையில் சிகரெட் பிடித்தபடி
தன் சின்ன வயதைப் பன்னிரண்டு நிமிடம் விளக்குபவனை
நான் ஒரு வழக்கிலும் கண்டதில்லை.

பத்தொன்பது வருடம்
ரொறன்ரோ நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர்.
குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரையடி தள்ளி
என் நாற்காலி.
அவர்கள் கேட்பதெல்லாம்,
‘அக்கா, பார்க்கிங் காசு முடிஞ்சிருக்கும்,
இன்னும் எவ்வளவு நேரம் செல்லும்?’

வெள்ளி இரவென்றால்
ஸ்காபரோவில் பத்தேகால் காட்சி.
தவபாலன் சோளப்பொரி வாங்கப் போனால்
விளம்பரம் முடியத்தான் வருவான்.
அவனுக்குக் காதல் படம்தான் படம்.
கதாநாயகி ரயிலில் ஏறினாலே மூக்கை உறிஞ்சுவான்.
அந்த ரயில் ஏன் எப்போதும் மெதுவாகவே கிளம்புகிறது?
ஒரு நாளாவது கதவு மூடட்டுமே,
எங்கள் கோ ரயில்போல, முகத்துக்கு நேரே.

அதோடு, காதல் படங்களில் ஒருவருக்கும் வேலை இல்லை.
இரண்டு ஷிப்ட் செய்பவள் காதலித்தால்
அவள் கனவுப் பாட்டில் சுவிஸ் மலை வராது.
ஒரு கட்டில் வரும்.
அதில் அவள் தூங்குவாள், பாட்டு முடியும்வரை.

அடியில் ஓடும் ஆங்கில வரியை மட்டும்
மன்னிக்கவே மாட்டேன்.
அவன் ‘போடி’ என்கிறான், பாசம் தாங்காமல்.
கீழே உள்ள வரி
அவளை வெளியே போகச் சொல்கிறது.
முன்வரிசை வெள்ளைக்காரப் பெண் திடுக்கிட்டாள்.
எழுந்து விளக்கம் சொல்லப் போனேன்.
தவபாலன் முழங்கையைப் பிடித்தான்:
‘இண்டைக்கு உமக்கு லீவு.’

இங்கே ‘இடைவேளை’ என்று திரையில் எழுத்து வரும்,
மூன்று நொடி நிற்கும், போய்விடும்.
விளக்குப் போடமாட்டார்கள்.
தேநீருக்கு எழும்ப வேண்டிய நேரத்தில்
அடுத்த பிணம் விழும்.

அந்த மூன்று நொடிக்குள்
போன செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு விதி.
‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது,
‘நான்’ என்றே சொல்லவேண்டும்.
ஆகவே நான் திருடியிருக்கிறேன்,
குடித்துவிட்டுக் கார் ஓட்டியிருக்கிறேன்,
தம்பியின் கையெழுத்தை வைத்திருக்கிறேன்,
ஒரே பிற்பகலில்
அடித்தவனாகவும் அடிபட்டவனாகவும் இருந்திருக்கிறேன்.

செவ்வாய், குடும்ப நீதிமன்றம்.
அந்தப் பெண் நிலத்தைப் பார்த்து முணுமுணுத்ததை
நான் நீதிபதியைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னேன்:
எனக்கு இவர்மேல் இப்போது கோபமே வருவதில்லை.
அதில்தான் முடிந்துவிட்டதென்று தெரிந்தது.

பின்னணி இசை இல்லை,
ஹீட்டர் இரைச்சல் மட்டும்.
அவள் கணவர் நிமிர்ந்து
என்னைப் பார்த்தார்.
அவளை அல்ல, என்னை.

அன்றிரவு குப்பை வாளியைச் சாட்டி
தவபாலனோடு சண்டை பிடித்தேன்,
கோபம் வருகிறதா என்று பார்க்க.
வந்தது.
நிம்மதியாகத் தூங்கினேன்.
அவன்தான் விடியவிடியப் புரண்டான், பாவம்,
எந்தக் குற்றமென்று தெரியாமல்.

படம் முடிந்தது. கொன்றது கணக்காளர்.
பதினோராவது நிமிடமே சொன்னேன்,
நம்பினானா?
வெளியே மைனஸ் பதினேழு.
கார்க் கண்ணாடியில் பனி கல்லாய் இறுகிக் கிடக்க
‘காதல் காட்சி காணாது’ என்று புறுபுறுத்தபடி
சுரண்டத் தொடங்கினான்,
என் பக்கத்தை முதலில்.
வெள்ளைக்குள் உள்ளங்கை அகலம் திறந்தது.
அதில் அவன் மூக்கு, சிவந்து.

எந்த எடிட்டரும் இதை வெட்டிவிடுவார்:
நீளம் அதிகம், வசனம் இல்லை,
கதையை ஓரடி நகர்த்தவில்லை.

வெட்டட்டும்.
எனக்கு அந்தக் கணக்காளரிடம்தான் ஒரு கேள்வி.
அவ்வளவு மழையில், ஐயா,
சிகரெட் எப்படி எரிந்தது?