காயாத சாயம்

ஈரம் அளப்பது என் பிழைப்பு.
இரண்டு முள் வைத்த கருவியைச் சுவரில் குத்தினால்
எண் சொல்லும்.
கிராக்டன் பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் வடக்குச் சுவரில்
எண் தீர்ந்துபோய்க் கருவி அலறியது.

அடுக்குமாடி வீடுகளாகப் போகிறது கட்டடம்.
கல் என்று நம்பித் தூணைத் தட்டினேன்.
டங் என்றது.
வார்ப்பிரும்பு. மேலே கல்போலத் தீட்டிய பூச்சு.
எங்கள் ஊர்ப் பொதுப்பணித் துறையை அறிந்தவனுக்கு
இதில் ஆச்சரியமில்லை.

வாட்டர்லூ முடிந்து மூன்றாம் வருஷம்
பத்து லட்சம் பவுண்டு ஒதுக்கினார்களாம் லண்டனில்,
கோயில் கட்ட.
கடலுக்கு அந்தப் பக்கம் தலைகள் விழுந்த ஓசை
இந்தப் பக்கத்துத் தூக்கத்தில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.
பசித்தவன் ஞாயிறு காலை எங்கே உட்காருகிறான் என்பது
கஜானாவின் கவலையானது.

ஆயிரத்து முந்நூறு இருக்கை.
முன்னால் கதவு வைத்த பெட்டிகள்,
வருஷ வாடகை பன்னிரண்டு ஷில்லிங், மெத்தை தனி.
தூணுக்குப் பின்னால், காற்று நுழையும் வாசலோரம், எழுநூறு.
அவற்றின் முதுகுப் பலகையில் வெள்ளைச் சாயத்தில்,
அவர்கள் மொழியில் நான்கே எழுத்து:
இலவசம்.

போதகர் அங்கி மாட்டும் அறையில் கிடந்த கணக்குப் புத்தகத்தில்
1829 அக்டோபரில் ஒரு வரி.
'பெயிண்டர் ஜேபெஸ் ஆக்டன், சாயம் காயாமைக்கு
ஏழு ஷில்லிங் பிடித்தம்.'
அவ்வளவுதான்.
மீதியெல்லாம் பலிபீடப் படியில் உட்கார்ந்து
சாண்ட்விச் தின்றபடி நான் கட்டியது.

பத்து நாள் கொடுங்கள் ஐயா, எண்ணெய்ச் சாயம்,
லங்காஷயர் மழை, என்றிருப்பான் ஆக்டன்.
பிஷப் தேதி கொடுத்தாயிற்று, என்றிருப்பார்கள்.
கடைசி நூறு பலகையை
மெழுகுவர்த்தியோடு விடிய விடிய எழுதினான்.

பிஷப் வந்தார். வாடகைக்காரர்கள் உள்ளே போய்க்
கதவைச் சாத்திக்கொண்டார்கள்.
நெசவாளிகள் தூணுக்குப் பின்னே.
பிரசங்கம் இரண்டு மணி நேரம், பொறுமையைப் பற்றி.
பொறுமையாகச் சாய்ந்தார்கள்.

எழுந்தபோது
பலகை கொஞ்சம் பிடித்துப் பிறகு விட்டது.
மழையில் மேடிறங்கிப் போன கூட்டத்தில்
முதுகுக்கு முதுகு அதே நான்கு எழுத்து,
இடம் வலமாய்ப் புரண்டு.

அந்த ஊர்ப் பேச்சில் அந்த ஒரு சொல்லுக்கு
காசில்லை என்றும் அர்த்தம், கட்டில்லை என்றும் அர்த்தம்.
நமக்கு இரண்டுக்கும் தனித்தனிச் சொல்.
இலவசம் என்றால் எனக்கு
இலவு காத்த கிளிதான் பறந்து வரும்.
பஞ்சில் பிழைத்த ஊர் வேறு இது.

சிலாஸ் ஹேவொர்த்துக்கு ஒரே கோட்டு.
திங்கட்கிழமை அதோடுதான் ஆலைக்குப் போனான்.
மேஸ்திரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தான்;
பிடிபட்டதும் சிரிப்பை நிறுத்தினான்.
டர்பன்டைன் வைத்துத் தேய்த்தாள் கெஸியா,
சாம்பல் வைத்துத் தேய்த்தாள், போகவில்லை.
தையலைப் பிரித்தாள்.
உள்பக்கம் வெளியே வரத் திருப்பித் தைத்தாள்.
அதற்குப்பின் எட்டு வருஷம்
அந்தச் சொல் யார் கண்ணிலும் படாமல்
அவன் தோளெலும்பில் உரசிக்கொண்டிருந்தது.

சாண்ட்விச் தீர்ந்தது.
மிஞ்சிய ஒரே பலகையைத் தொட்டுப் பார்த்தேன்.
காய்ந்துதான் இருந்தது.
இருந்தும், எழுந்ததும் சட்டையின் முதுகை
கையால் ஒரு தரம் தடவினேன்.

அறிக்கைப் படிவத்தில்
காரணம் என்ற கட்டத்தில் கூரை ஒழுகல் என்று எழுதினேன்.
காய எத்தனை நாள் என்ற கட்டத்தில்,
பத்து போதாது.