பொட்டுக்குப் பின்னால் ஒரு விளக்கு

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
நெல் ஏற்றிய கூட்ஸ் முன்னே போவதா பின்னே போவதா என்று
யோசித்துக்கொண்டிருந்தது.
பேருந்தில் என் மடியில்
பழைய புடவைத் துண்டில் சுற்றிய நாலு வட்டுகள்.
பக்கத்து இருக்கை அம்மாள் கேட்டார்: "பலகாரமா?"
"கணக்கு" என்றேன்.
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வைரக்கண்ணு மாடர்ன் ரைஸ் மில்லில்
சர்வர் இருந்தது லட்சுமி படத்துக்குக் கீழே.
ஆயுத பூஜைக்குத் தராசுக்கும் மோட்டாருக்கும் வைத்த கையோடு
கணக்கர் அமிர்தகடேசன் இதற்கும் வைத்திருந்தார்,
தாராளமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.
காய்ந்ததை நகத்தால் சுரண்டினேன்.
அடியில் ஆரஞ்சு விளக்கு.
நாலு மாதமாக யாரையோ கூப்பிட்டுக்கொண்டு.

"கீ கீன்னு சத்தம் வந்துச்சு மேடம், யூபிஎஸ்னு நெனச்சோம்.
அப்புறம் அறுவடை வந்துச்சு,
மில்லு சத்தத்துல கேக்கல."

பேக்கப் எடுத்தாராம்.
தினமும் மாலை ஆறு மணிக்கு, பென்டிரைவில், விடாமல்.
திறந்தேன். ஒரே ஒரு ஷார்ட்கட்.
மூன்று வருடமாக
வீட்டின் கதவெண்ணைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

முதல் வட்டு ஐப்பசி மழையில் செத்தது.
அதன் பங்கையும் சேர்த்து மற்ற மூன்றும் இழுத்தன.
மாசியில் இன்னொன்று.
ஒன்று போனால் தாங்கும். இரண்டு போனால்
என் கடைக்கு வருவார்கள்.

வைரக்கண்ணு முதலில் கேட்டது:
"யாராருக்கு நான் எவ்வளவு தரணும்?"
வரவேண்டியதைக் கேட்டது
காபி குடித்த பிறகு.

ஒரே பக்கத்தைத் துண்டுபோட்டு
நாலு வட்டிலும் மாறி மாறி எழுதியிருக்கும்,
மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிகிற மாதிரி என்றேன்.
அமிர்தகடேசன் தலையாட்டவில்லை.
"பிரிஞ்ச ஆறு திரும்பிச் சேராதே மேடம்."
சரி, மொத்தம் தெரிந்து ஒன்று மட்டும் விடுபட்டால்
அந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம் இல்லையா?
"அதுக்குப் பேரு கழித்தல்" என்றார்.

தஞ்சாவூரில் பதினோரு இரவு.
கடைசியாகச் செத்த வட்டை அவசரப்படுத்தக் கூடாது.
ஒரு துளி படிக்கும், நிற்கும்,
தொண்டையைச் செருமும்.
மின்விசிறியை நிறுத்திவிட்டுக்
கொசுவோடு உட்கார்ந்து கேட்டேன்.

அதே பதினோரு நாள் மில் வாசலில் ஆட்கள்.
சீட்டு இருந்தவர்கள் சீட்டோடு,
இல்லாதவர்கள் வாயோடு.
சொன்னதையெல்லாம் அமிர்தகடேசன் நீள நோட்டில் எழுதினார்.
பன்னிரண்டாம் நாள்
என் பட்டியலை அதன் பக்கத்தில் வைத்தோம்.

இருநூற்றுப் பதினான்கு பேர்.
பூவனூர் சவரிமுத்து நானூற்று அறுபது ரூபாய் குறைத்துச் சொல்லியிருந்தார்,
சாக்கு விலையை இரண்டு முறை கழித்து.
கூட்டிச் சொன்னது ஒருவர்தான்.
வைரக்கண்ணு அந்தப் பெயரை இரண்டு தரம் படித்துவிட்டு
"மச்சான்" என்றார்,
வேறெதுவும் சொல்லவில்லை.

ஒரு வரி மட்டும் வரவில்லை.
ரிஷியூர் தங்கையன் என்ற பெயர் முழுசாக,
தொகை இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ.
அவர் வாசலுக்கும் வரவில்லை.
அமிர்தகடேசன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்,
மொத்தத்திலிருந்து எல்லோரையும் கழித்தார்:
மூவாயிரத்து இருநூற்று எழுபத்தைந்து, மில் தரவேண்டியது.
போன் போட்டோம்.
"எனக்கா? நாந்தானய்யா தரணும்!
அதான் அந்தப் பக்கமே வரல."

பில்லில் வைரக்கண்ணு இரண்டாயிரம் குறைத்தார்.
அதை நான் எழுதி வைத்திருக்கிறேன், காகிதத்தில்.

இந்த ஆயுத பூஜை இரவு
அமிர்தகடேசனிடமிருந்து ஒரு படம் வந்தது.
சர்வரின் பக்கவாட்டில் பொட்டு, சின்னதாக.
விளக்குகள் நாலும் திறந்து கிடந்தன.
கீழே எழுதியிருந்தார்:
"மூணாவது பச்சையா மஞ்சளா மேடம்?
போன்ல சரியா தெரியல."

எனக்கும் தெரியவில்லை.