ஐந்து கேலன்

வியாழன் இரவே கரைத்து வைத்துவிட்டேன்.
மத்ரா சூக்கில்
கடைக்காரர் உள்ளங்கையில் கொட்டி
முகர்ந்து பார்க்கச் சொன்ன பொடி.
ஆறிய தேயிலைச் சாறு,
ஒன்றரை எலுமிச்சை
(மற்ற பாதி மீனுக்குப் போனது),
இரண்டு கரண்டி தயிர்.
இரும்புச் சட்டி இல்லாத வீடு.
ஊறுகாய் தீர்ந்த கண்ணாடிச் சாடிக்குள்
இரண்டு ஆணியைப் போட்டுவைக்கலாமா என்று யோசித்து
விட்டுவிட்டேன்.

சுருட்டை முடிக்குச் சீப்பு ஆகாது.
மருதாணியும் அளவு மீறினால்
சுருளைத் தளர்த்திவிடும்.
தயிர் அதற்குத்தான்.
நாற்பத்தொரு வயதில்
நெற்றியோரம் வந்த நரைகூட
நேராக வரத் தெரியாமல்
பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி
சுருண்டுகொண்டுதான் வந்தது.

வெள்ளி காலை பத்தரை.
வகிடு வகிடாகப் பிரித்து அப்பி
சூப்பர்மார்க்கெட் பையை இழுத்துக் கட்டி
கழுத்தில் வழிந்ததை நைட்டியில் துடைத்து
ஒரு மணிக்குக் குழாயைத் திறந்தேன்.
இருமியது.
இன்னொரு தரம் இருமிவிட்டு
சும்மா இருந்தது.

ஆகஸ்ட் மாதம் மஸ்கட்டில்
எந்தக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான்.
முந்தின நாளே வாளியில் பிடித்து ஆறவைப்பேன்.
இந்த வாரம் பார்த்து மறந்திருந்தேன்.
வாட்ச்மேன் ஷமீமுக்கு ஃபோன் போட்டால்
"தங்கி கலாஸ், மேடம்.
ஜும்மா முடிஞ்சு டேங்கர்."

துக்மிலிருந்து வீடியோவில் வந்த செல்வின்
"அசையாதே, சுவரில் தட்டினால் எருவாட்டி" என்றான்.
வைத்துவிட்டேன்.
தலை காயத் தொடங்கியது.
காதுக்குப் பின்னால் விரிசல் விடும் சத்தம்
எனக்கே கேட்டது.
சூளைக்குப் போகக் காத்திருக்கும் பானை மாதிரி
வராந்தாவில் நின்று
தெருவில் நீல லாரி தெரிகிறதா என்று பார்த்தேன்.
வாதி கபீர் மலைதான் தெரிந்தது,
ஒரு புல்கூட இல்லாமல்.

லிஃப்ட் திறந்தது.
முந்நூற்று நான்கு, இக்லாஸ்.
சூடான்காரி, இரவு டூட்டி முடிந்து
எங்கெங்கோ சுற்றிவிட்டு வருகிறாள்.
மூன்று வருடமாக எங்களுக்குள்
குட் மார்னிங் மட்டும்.
பையைப் பார்த்தாள், கழுத்துக் கறையைப் பார்த்தாள்.
"ஹின்னா?"
"மோயா இல்லை" என்றேன்.
அரபியில் பாதி, தமிழில் பாதி.

குடிதண்ணீர் கேனை
அவளே உருட்டிக்கொண்டு வந்தாள்.
ஐந்து கேலன், சீல் உடைக்காதது.
குடிக்கிற தண்ணீராச்சே என்று கையாட்டினேன்.
"மாலேஷ்" என்று மூடியைத் திருகினாள்.
கதவைச் சாத்தி
தலைத்துணியை உருவி நாற்காலியில் போட்டாள்.
என்னுடையது அலை என்றால்
அவளுடையது மிளகு.
அப்படி ஒரு நெருக்கம்.
நுனியெல்லாம் செம்பு.

சமையலறைத் தொட்டியில் தலையைக் குனிந்தேன்.
உப்பில்லாத, துருவில்லாத, குளிர்ந்த தண்ணீர்
உச்சியில் விழுந்தபோது
தோள் இரண்டும் தானாக இறங்கின.
அவள் தேய்க்கவில்லை.
நுனியிலிருந்து பிடிபிடியாக அள்ளி
மேல்நோக்கிப் பிழிந்து
விட்டாள்.
மறுபடி அள்ளினாள்.
பள்ளியில் பின்னிவிட்ட சிஸ்டர்,
கல்யாணத்தன்று பார்லர் பெண்,
யார் என் தலையைத் தொட்டாலும்
முதலில் இழுத்துத்தான் பார்த்தார்கள்.
இப்படியும் தொடலாம் போலிருக்கிறது.
தொட்டியில் பச்சை போய், பழுப்பு போய்
டீ நிறத்தில் வந்தது.
அழுதிருந்தாலும் தெரிந்திருக்காது.
அழவில்லை, மூக்கில் தண்ணீர் ஏறியிருந்தது.

மூன்றரைக்கு டேங்கர் வந்தது.
குழாய் இருமி, துப்பி
செங்கல் நிறத்தில் கொதித்தது.
அதற்குள் நரை ஸ்பிரிங்குகள்
ஆரஞ்சு நிறத்தில் விறைத்துக்கொண்டு நின்றன.
கேன் காசு கொடுத்தேன், வாங்கவில்லை.
சாடியின் அடியில் மிச்சமிருந்ததைக் காட்டி
தன் பாதத்தைத் தொட்டுக் காட்டினாள்.
சாடியோடு கொடுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை லிஃப்டில்
என் தலையைப் பார்த்துத் தலையசைத்தாள்.
பிறகு வெள்ளை நர்ஸ் ஷூவிலிருந்து
ஒரு காலை உருவி
குதிகாலைத் திருப்பினாள்.
என்னுடையதைவிட நன்றாகப் பிடித்திருந்தது.
கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.